ஊஞ்சல் நட ஓர் இடம்: நொய்கெல்னின் இருநூறு ஆண்டுக் கதை

வசந்தகாலம் தொடங்கியதும் பேர்லினில் எந்த பௌமார்க்டுக்குப் போனாலும் வாசலிலேயே மர ஊஞ்சல் பெட்டிகள் அடுக்கியிருக்கும். உள்ளே நான்கு கால்கள், ஒரு குறுக்குச் சட்டம், இரும்புப் பூட்டுகள், கொக்கிகள், கயிறு, இருக்கை, ஒரு படக்குறிப்பு. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு சனிக்கிழமையில் பூட்டி முடித்துவிடலாம். ஆனால் குறிப்பேட்டில் ஒரு நிபந்தனை இருக்கும். ஊஞ்சலைச் சுற்றி 2 மீற்றர் வெற்றிடம் வேண்டும். சீமெந்துத் தரையிலோ தார்த் தரையிலோ நிறுத்தக்கூடாது.

மரத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். அந்த வெற்றிடத்தை எங்கே வாங்குவது? தொடர்மாடியில் வளர்ந்த உங்களில் பலருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நொய்கெல்னில் இது இருநூறு வருடத்துக்கு மேல் பழைய கேள்வி. அதற்குள் நம் அப்பா அம்மாமாரின் கதையும் இருக்கிறது.

ஹாசன்ஹைடேயில் நட்ட மரங்கள்

ஹெர்மான்பிளாட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹாசன்ஹைடே பூங்கா உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1811 ஜூன் மாதம் ஃப்ரீட்ரிஷ் லூட்விக் யான் என்ற ஆசிரியர் அங்கே ஒரு திறந்தவெளி உடற்பயிற்சித் திடலைத் தொடங்கினார். அப்போது அது பேர்லின் நகரத்துக்கு வெளியே இருந்த புதர்க்காடு. யான் அங்கே ஏறுவதற்குக் கம்பங்களும், தொங்குவதற்குக் குறுக்குச் சட்டங்களும், சமநிலை பழக நீண்ட மரங்களும் நட்டார். பள்ளிக்கூட ஜிம்மில் நீங்கள் தொங்கும் 'றெக்', ஊன்றி ஆடும் 'பாரன்' இரண்டும் அந்தத் திடலிலிருந்து பரவியவை. தோட்டத்தில் நிறுத்தும் ஊஞ்சற் சட்டத்தையும் ஏறுசட்டத்தையும் அதே குடும்பத்தில் சேர்க்கலாம். நிலத்தில் மரம் நட்டு, அதில் பிள்ளைகளைத் தொங்கவிடும் யோசனைதானே இரண்டும்.

யானைப் புகழ்ந்து மட்டும் எழுத முடியாது. பிரஷ்யா அப்போது நெப்போலியனிடம் தோற்றிருந்தது. பையன்களைப் பிரெஞ்சுக்காரருக்கு எதிராகச் சண்டை போடத் தயார்படுத்துவதே அவருடைய நோக்கம். பெண்பிள்ளைகளுக்கு அந்தத் திடலில் இடமில்லை. அந்நியர் மேலும் யூதர் மேலும் அவருக்கிருந்த வெறுப்பை அவருடைய எழுத்துகளிலேயே காணலாம். 1872இல் எழுப்பிய அவருடைய சிலை இன்னும் பூங்காவில் நிற்கிறது. அதைக் கடந்து போகும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அரசே அந்தத் திடலைக் கண்டு பயந்தது. 1819இல் யானின் இயக்கத்தோடு தொடர்புள்ள ஒரு மாணவன் எழுத்தாளர் கோட்செபூவைக் கொலை செய்தான். அதே வருடம் யான் கைதானார். 1820இல் பிரஷ்யாவில் திறந்தவெளி உடற்பயிற்சிக்கே தடை வந்தது. அந்தத் தடை 1842 வரை நீடித்தது. வெறும் மரச்சட்டங்கள்தான். ஆனாலும் அவற்றை யார் நடலாம் என்பதை அரசுதான் தீர்மானித்தது.

5.34 மீற்றர் முற்றம்

அடுத்த ஐம்பது வருடத்தில் பேர்லின் தொழிற்சாலை நகரமானது. வேலை தேடி வந்தவர்களுக்காக ஐந்து மாடி வீடுகள் எழுந்தன. முன்வீடு, பக்கவீடு, பின்வீடு, நடுவில் ஒரு முற்றம். 1853ஆம் ஆண்டின் பேர்லின் கட்டட விதிப்படி முற்றத்தின் நீளமும் அகலமும் 5.34 மீற்றர் இருந்தால் போதும். தீயணைப்பு வண்டி திரும்புவதற்கான அளவு அது. பிள்ளைகள் விளையாடுவதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவர் ஆடும் ஊஞ்சற் சட்டம் 3 மீற்றருக்கு மேல் அகலம். இரண்டு பக்கமும் 2 மீற்றர் விட்டால் 7 மீற்றர். 5.34 மீற்றர் முற்றத்தில் இன்றைய பௌமார்க்ட் ஊஞ்சல் அடங்காது. 1887இல் விதி மாறி முற்றங்கள் பெரிதாகின. ஆனால் அதற்குள் பல்லாயிரம் குடும்பங்கள் அந்தச் சின்ன முற்றங்களைச் சுற்றிக் குடியேறிவிட்டன.

இன்றைய நொய்கெல்னுக்கு அப்போது பெயர் ரிக்ஸ்டோர்ஃப். 1900இல் ஏறத்தாழ 90,000 பேர் அங்கே வாழ்ந்தார்கள். 1910இல் அது 2 இலட்சத்து 37 ஆயிரமாக உயர்ந்தது. 1912இல் பெயர் நொய்கெல்ன் ஆனது, 1920இல் பேர்லினோடு சேர்ந்தது. பழைய வீடுகளின் முற்றச் சுவர்களில் 'விளையாடத் தடை' என்று எழுதிய பலகைகளை இன்றும் சில இடங்களில் பார்க்கலாம்.

இன்று சட்டம் வேறு. ஆறு வீடுகளுக்கு மேல் உள்ள புதிய கட்டடம் கட்டினால், வீட்டுக்கு 4 சதுர மீற்றர் வீதம், குறைந்தது 50 சதுர மீற்றர் விளையாட்டிடம் விடவேண்டும் என்கிறது பேர்லின் கட்டடச் சட்டம். பழைய முற்றத்தின் முழுப் பரப்பே 28.5 சதுர மீற்றர்தான்.

தோட்டம் பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கியது

முற்றத்தில் இடமில்லாதவர்கள் நகர ஓரத்துக்குப் போனார்கள். கிளைன்கார்ட்டன் என்று நாம் சொல்லும் சின்னத் தோட்டக் காணிகள் நொய்கெல்னில் நிறைய இருக்கின்றன. அவற்றின் இன்னொரு பெயர் ஷ்றேபர்கார்ட்டன். லைப்சிக் நகரத்தில் 1864இல் ஹௌஷில்ட் என்ற பள்ளி அதிபர் ஒரு பெற்றோர் சங்கம் தொடங்கி, அதற்கு மூன்று வருடம் முன்பு இறந்துபோன மருத்துவர் ஷ்றேபரின் பெயரை வைத்தார். அந்தச் சங்கம் செய்த முதல் வேலை பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல் அமைத்தது. பிறகு கெஸெல் என்ற ஆசிரியர் திடலின் ஓரத்தில் பிள்ளைகளுக்குச் சின்னப் பாத்திகள் போட்டுக் கொடுத்தார். பிள்ளைகளுக்குக் களை பிடுங்கிச் சலித்துவிட்டது. பெற்றோர் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். இன்று தக்காளிச் செடிக்கும் வேலி உயரத்துக்கும் அளவு பார்க்கும் தோட்டச் சங்கங்களுக்குத் தங்கள் பெயர் ஒரு விளையாட்டுத் திடலிலிருந்து வந்தது மறந்திருக்கலாம்.

1983ஆம் ஆண்டின் கிளைன்கார்ட்டன் சட்டப்படி ஒரு காணி 400 சதுர மீற்றரைத் தாண்டக்கூடாது. குடில் 24 சதுர மீற்றருக்குள் இருக்கவேண்டும். ஊஞ்சலுக்கு ஒவ்வொரு சங்கமும் தன் விதியை வைத்திருக்கும். அதனால் பெட்டி வாங்குமுன் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

நம் ஊஞ்சல் எங்கே இருந்தது?

அதே 1983 நமக்கு வேறு காரணத்தால் மறக்க முடியாத வருடம். அதைச் சொல்லுமுன், புறப்பட்டவர்கள் எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று பார்ப்போம்.

யாழ்ப்பாணத்து வளவுகளில் ஊஞ்சலுக்குச் சட்டம் தேவைப்படவில்லை. மாமரமோ வேம்போ புளியோ நின்றது. கயிறும் பலகையும் போதும். சித்திரை வருடப்பிறப்புக்கு ஊஞ்சல் கட்டுவது ஊர் வழக்கம். இரண்டு பேர் பலகையின் இரு முனையிலும் நின்று உன்னி உன்னி ஆட்ட, நடுவில் சின்னப்பிள்ளைகள் இருந்து கத்துவார்கள். கோயிலில் திருவிழா முடிவில் சுவாமிக்குத் திருவூஞ்சல். ஈழத்தில் பல கோயில்களுக்கு அந்தந்தக் கோயிலுக்கென்றே பாடிய ஊஞ்சற்பாட்டு உண்டு.

இந்தப் பழக்கம் மிகப் பழையது. நற்றிணையின் 90ஆம் பாட்டில் பனை நார்க் கயிற்றில் கட்டிய ஊஞ்சல் வருகிறது. தோழிகள் ஆட்டிவிட்டும் ஆடப் பிடிக்காமல் ஒரு பெண் அழுதுகொண்டு போகிறாள். அங்கே ஆட்டிவிடுவதற்கு வரும் சொல் 'ஊக்க'. நாம் இன்று 'ஊக்கம்', 'ஊக்குவித்தல்' என்று எழுதும் சொற்களுக்கு உறவு. பிள்ளைத்தமிழ் நூல்களில் ஊசல் பெண்பிள்ளைக்கு மட்டுமே உரிய பருவம். யானின் திடல் பெண்களை வெளியே வைத்தது. நம் புலவர்கள் ஊஞ்சலைப் பெண்களுக்கே எழுதிக் கொடுத்தார்கள்.

ஸ்விங் என்ற கடன்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஜேர்மனிக்கு வந்தார்கள். பலருடைய வழி கிழக்கு பேர்லின். ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு ஜேர்மனி தந்த இடைவழி விசாவோடு ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்றாஸ நிலையத்துக்கு வந்து, ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் நுழைந்தார்கள். மேற்குப் பக்கம் நகரத்தின் நடுவே ஓடிய அந்தக் கோட்டை நாட்டெல்லையாக ஏற்கவில்லை. ஏற்காத எல்லையில் கடவுச்சீட்டுப் பார்க்க முடியாது. அதனால் வழி திறந்திருந்தது.

அந்த வழி 1985 ஜூலையில் நமக்கு மூடியது. மேற்கு நாட்டுக்குள் போக விசா வைத்திருக்காத தமிழர்களுக்கு இடைவழி விசா தருவதில்லை என்று கிழக்கு ஜேர்மனி ஒப்புக்கொண்டது. அதே மாதம் இரண்டு ஜேர்மனிகளும் ஒரு பண ஒப்பந்தம் செய்தன. கிழக்கு ஜேர்மனி மேற்கிடம் வட்டியில்லாமல் கடன் வைத்து வர்த்தகம் செய்யலாம். அந்தக் கடன் எல்லை 850 மில்லியன் கணக்கலகுகளாக உயர்ந்தது. இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று சேர்த்துப் பேசப்பட்டவை. அந்தக் கடனுக்கு ஜேர்மன் பத்திரிகைகள் வழங்கிய பெயர் 'ஸ்விங்'. ஆங்கிலத்தில் அது ஊஞ்சலுக்கும் ஊசலாட்டத்துக்கும் உள்ள சொல். கணக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுவதால் வந்த பெயர். அந்த ஊசலாட்டத்தில் நம் ஆட்கள் ஒரு பேரப்பொருளாக இருந்தார்கள். அடுத்த வருடம் அக்டோபரில் மற்ற நாட்டு அகதிகளுக்கும் அந்த வழி மூடியது.

வந்து சேர்ந்தவர்களுக்கு அகதி முகாம், வேலைத்தடை, ஒதுக்கிய இடத்தைவிட்டு வெளியே போகக் கட்டுப்பாடு. பலருக்குக் கிடைத்தது டுல்டுங், அதாவது 'இப்போதைக்குத் திருப்பி அனுப்பவில்லை' என்ற தாள். சில மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தாளை வைத்திருப்பவர் நிலத்தில் கொங்கிறீற் போட்டு எதையும் நடமாட்டார். உங்கள் வீட்டு அல்பத்தில் தொண்ணூறுகளின் படங்களைப் பாருங்கள். பொதுத் திடல் ஊஞ்சல் இருக்கும். சொந்த ஊஞ்சல் அரிது. அதற்குக் காரணம் காசு மட்டும் இல்லை.

பிறகு மெதுவாக நிலைமை மாறியது. வதிவிட அனுமதி, குடியுரிமை, வேலை, கடை. 2013இல் நொய்கெல்னின் பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் எழுந்தது. நம் ஆட்கள் இந்த மண்ணில் அத்திவாரம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள்.

பெட்டியைத் திறக்கும்போது

இப்போது உங்களுக்கோ, உங்கள் மாமா சித்தப்பாவுக்கோ ஒரு தோட்டம் கிடைத்து ஊஞ்சல் நடப்போகிறீர்கள் என்றால் நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, மரம். பழைய ரயில் தண்டவாளக் கட்டையோ யாரோ தந்த பழைய பச்சை மரமோ வேண்டாம். 2004க்கு முன் மரம் உளுக்காமலிருக்க ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியது உண்டு. அந்த ஆண்டு முதல் பிள்ளைகள் தொடும் இடங்களில் அதற்கு ஐரோப்பிய ஒன்றியத் தடை இருக்கிறது. இரண்டு, கால்கள். அவை அகட்டி நிற்பது அழகுக்காக இல்லை. ஊஞ்சல் முன்னும் பின்னும் இழுக்கும் இழுப்பை அந்த அகலம்தான் தாங்குகிறது. மூன்று, தரை. புல் அல்லது மணல் வேண்டும். வேலி, குடில், மரக்கிளை எல்லாம் 2 மீற்றருக்கு அப்பால் இருக்கட்டும். நான்கு, நங்கூரம். காலை வெறும் மண்ணில் புதைத்தால் உளுத்துவிடும். இரும்பு நங்கூரத்தைக் கொங்கிறீற்றில் இறக்கி, அதில் காலைப் பூட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எல்லா மறையாணிகளையும் இறுக்குங்கள்.

கொங்கிறீற் இறுகும்வரை யாரும் ஆடக்கூடாது. குறிப்பேட்டில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும். அந்த நாட்களில் அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ ஒரு தொலைபேசி எடுங்கள். உங்கள் வளவில் ஊஞ்சல் எந்த மரத்தில் இருந்தது, கயிறு எங்கே வாங்கினீர்கள், யார் உன்னினது, அந்த மரம் இப்போது நிற்கிறதா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதித் திகதி போட்டு வையுங்கள்.