குண்டு எழுத்தின் கதை

மூன்று வருடம் முன்பு மகளைப் பார்க்க லண்டன் போயிருந்தபோது, லூட்டன் விமான நிலையத்தில் ஓர் ஆரஞ்சு நிற விமானம் நின்றது. கண்ணாடியைப் பையில் வைத்துவிட்டேன். ஆனாலும் அதன் உடம்பில் எழுதியிருந்த 'ஈஸிஜெட்' என்ற பெயர் தெளிவாகத் தெரிந்தது. பணிக்காலத்தின் முதல் சில வருடங்கள் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்தவன் நான். அந்த எழுத்தைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் இருந்தது. அதன் பெயர் கூப்பர் பிளாக்.

இதை வரைந்தவர் ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர். 1879-இல் பிறந்தவர். சிகாகோவில் ஃபிரெடரிக் கௌடியிடம் எழுத்து வரையக் கற்று, 1904-இல் பெர்ட்ஷ் என்ற கூட்டாளியுடன் நிறுவனம் தொடங்கி, விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்து பிழைத்தவர். அந்தக் கை எழுத்து எடுபடவே, பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பாலை அதை ஈயத்தில் வார்க்க முன்வந்தது. சாதாரண தடிமனில் முதலில் வந்தது. 1922-இல் இந்தக் கறுத்த, தடித்த எழுத்து வந்தது.

செரிஃப் என்றால் எழுத்தின் முனையில் வரும் சிறு கால். பொதுவாக அது கூராக, தட்டையாக இருக்கும். கூப்பரோ அதை உருட்டிவிட்டார். நெருப்பருகே வைத்த வெண்ணெய்போல எல்லா முனையும் வழவழப்பு. வட்டமான 'ஓ' மற்ற எழுத்துகளுக்குச் சமமாகத் தோன்ற வேண்டுமானால் அதைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இறக்க வேண்டும். அச்சுக்கோர்ப்பவர்கள் அறிந்த கணக்கு இது. இங்கே காலெல்லாம் உருண்டை என்பதால் எழுத்துகள் எல்லாமே கோட்டில் லேசாக அமுங்கி உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். 'ஓ'வின் உள்வெளி வேறு சாய்ந்திருக்கும். குண்டு மனிதர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி என்று எனக்குத் தோன்றும்.

அக்காலத்தின் பழமைவாத அச்சகத்தார் இதைக் 'கறுப்பு அபாயம்' என்று திட்டினார்கள். விளம்பரக்காரர்கள் கேட்கவில்லை, வாங்கிக் குவித்தார்கள். விற்பனையைப் பார்த்து லான்ஸ்டன் மோனோடைப் நிறுவனம் போட்டிக்கு ஒரு தடித்த எழுத்து கேட்டது. 1925-இல் அதை வரைந்து கொடுத்தவர் யார் தெரியுமா? குருநாதர் கௌடியேதான்! மாணவன் போட்ட பாதையில் குரு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஈயத்தில் இந்த எழுத்துக்கு ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனிக் கட்டையில் நிற்பதால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி வந்தே தீரும். 1960-களில் ஃபிலிமில் எழுத்து கோக்க ஆரம்பித்ததும், ஒன்றின் வயிறு மற்றொன்றைத் தொடும்படி நெருக்கி வைக்க முடிந்தது. கூப்பர் பிளாக்குக்கு உண்மையான அழகு அப்போதுதான் வந்தது. 1966-இல் பீச் பாய்ஸ் இசைக்குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு உறையிலும், 1968-இல் தொடங்கிய 'டாட்ஸ் ஆர்மி' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் தலைப்பிலும் இதுதான். பிறகு டி-ஷர்ட்களில் சூடாக ஒட்டும் எழுத்தாகத் தெருவெங்கும் நடந்தது. 1995-இல் தொடங்கிய ஈஸிஜெட் மூலம் வானத்திலும் ஏறிவிட்டது.

கூப்பர் இதில் எதையும் பார்க்கவில்லை. 1940-இலேயே இறந்துவிட்டார்.

"என்னப்பா, அங்கேயே நின்னுட்டீங்க?" என்று மகள் கேட்டாள். "எழுத்தைப் படிச்சேன்மா" என்றேன். "கண்ணாடி இல்லாமலா?" என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம்.