கீழே குதிரை, மேலே குடும்பம்

பிள்ளைகள் லண்டனில் வேலை பார்க்கும் வீடுகள் நம் குடியிருப்பில் சில உண்டு. அடுத்த முறை அங்கே போகும்போது, கென்சிங்டன், பெல்கிரேவியா பக்கம் பெரிய தெருக்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சந்துகளைக் கவனியுங்கள். பெயர் 'மியூஸ்' என்று முடியும். கருங்கல் பாவிய தரை, தரைத்தளமும் ஒரு மாடியுமாகச் சின்னச் சின்ன வீடுகள், வாசலில் பூந்தொட்டிகள். இவற்றில் பெரும்பாலானவை குதிரை லாயங்களாகக் கட்டப்பட்டவை.

பெயர் வந்த விதம் வேடிக்கையானது. வேட்டைக்கு வளர்த்த வல்லூறுகளை இறகு உதிர்க்கும் பருவத்தில் அடைத்துவைக்கும் கூடத்துக்குத்தான் மியூஸ் என்று பெயர். அரசரின் கூடம் சாரிங் கிராஸில், இன்று நேஷனல் கேலரி நிற்கும் இடத்தில் இருந்தது. 1534-இல் அது எரிந்துபோனது. பிறகு அங்கே குதிரை லாயம் எழுந்தது. பறவைகள் போயும் பெயர் போகவில்லை.

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பணக்காரர்களுக்கு வரிசை வீடுகள் கட்டியவர்கள், தெருப்பக்கம் மாளிகை, நடுவில் தோட்டம், கடைசியில் லாயம் என்று மனையைப் பிரித்தார்கள். லாயத்தின் வாசல் பின்சந்தைப் பார்த்திருக்கும். கீழே சாரட்டு நிறுத்த அகலமான இரட்டைக் கதவு, பக்கத்தில் குதிரைகளுக்குத் தடுப்புகள், கழுவிய நீர் ஓட வாட்டமான தரை. மேலே வைக்கோல் பரண். வைக்கோலைத் தூக்க மாடிக் கதவுக்கு மேல் ஓர் உத்தரமும் கப்பியும் நீட்டிக்கொண்டிருக்கும். பரணை ஒட்டிய ஓரிரு அறைகளில் வண்டிக்காரர் குடும்பம்.

நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, முன்பக்கத்திலிருந்து தெரியாத பின்சுவர். அதில் சன்னலே வைக்க மாட்டார்கள். மாளிகைக்காரர்கள் தோட்டத்தில் உலாவுவதை வண்டிக்காரர் வீட்டுப் பெண்டு பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதாம்! காற்றும் வெளிச்சமும் சந்துப் பக்கத்திலிருந்து மட்டும். கீழேயிருந்து சாணமும் மூத்திரமும் கலந்த நெடி இரவு பகலாக ஏறும். அந்த அறைகளில் பிரசவம் நடந்திருக்கிறது, பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். வீடு விற்கும் தரகர்களின் விளம்பரத்தில் 'எழில்' என்று போடுவார்கள், இதைப் போடுவதில்லை.

எல்லாச் சந்தும் ஒரே அச்சு அல்ல. 1860-களில் கட்டத் தொடங்கிய ஹாலண்ட் பார்க் மியூஸில் மாடிக்குப் போகும் படிகள் வெளியே உள்ளன. மனிதர்கள் லாயத்துக்குள் நுழையாமல் வீட்டுக்கு ஏறலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

மோட்டார் கார் வந்ததும் குதிரைகள் போயின. வங்கியில் இருந்தவன் என்பதால் இன்னொரு கணக்கும் என் கண்ணில் படுகிறது. லண்டனில் பெரிய நிலக்கிழார்கள் மனையை விற்காமல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடுவது வழக்கம். 1820-களில் எழுதிய குத்தகைகள் முடிந்தது 1920-களில், காரும் பெருகிய அதே நேரத்தில். லாயங்கள் கார் கொட்டகைகளாயின, பிறகு வீடுகளாயின. (கீழ்த்தளம் முழுவதும் வண்டிக்கே! நம் பார்க்கிங் தகராறைப் பார்த்தவர்களுக்கு இது கனவு வீடு.)

மாற்றிக் கட்டியவர்களுக்குப் பெரிய தலைவலி அந்தக் குருட்டுச் சுவர்தான். பலர் கூரையைத் திறந்து கண்ணாடி பதித்தார்கள். சிலர் அகலக் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் அடைத்து, சாதாரண சன்னல் ஒன்றை வைத்தார்கள். என் பார்வையில் அது கெடுதல். கதவு போனால் கட்டடம் எதற்காக எழுந்தது என்பதே தெரியாமல் போகும். 1967-இல் வந்த சட்டம் ஒரு பகுதி முழுவதையும் பாதுகாக்க வழி செய்தது. வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி மியூஸ் வீடுகளை மாற்றுவதற்கென்றே தனிக் கையேடு போட்டிருக்கிறது.

இன்று இவற்றில் பல 10 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போகின்றன. ஹைடு பூங்கா அருகே பாத்தர்ஸ்ட் மியூஸில் லாயங்கள் இன்னும் லாயங்களாகவே நடக்கின்றன. காலையில் போனால், குதிரைகள் வரிசையாகப் பூங்காவுக்குப் புறப்படுவதைப் பார்க்கலாம்.