சோழிக் கணக்கும் சிவகாசி நாட்காட்டியும்

தமிழ்நாட்டில் சுவரில் தினசரி நாட்காட்டி தொங்காத வீடு அபூர்வம். அந்த நாட்காட்டிகளில் மிகப் பெரும்பான்மையானவை விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசியில் அச்சாகி வருபவை என்பதும் யாவரும் அறிந்ததே. ஆனால் காலையில் எழுந்ததும் கிழித்தெறியும் அந்தச் சிறு தாளில் திதியும் நட்சத்திரமும் எந்நேரம் வரை என்று அச்சிட்டிருக்கும் எண்கள் எங்கிருந்து வந்தன, யாருடைய சிரமத்தால் வந்தன என்று விசாரிப்பவர் சிலரே. அவ்வாறு விசாரிக்கப் புகுந்தால், இன்று கணினி விஞ்ஞானம் என்று கல்லூரிகளில் பயிலப்படும் சாஸ்திரத்தின் மூலக் கருத்துகள் சிலவற்றைப் பல நூற்றாண்டுகளாக மனத்திலேயே சுமந்து வந்த ஒரு பரம்பரையின் சரித்திரம் நமக்குப் புலப்படும்.

சிவகாசி வானம் பார்த்த பூமி. மழை குறைந்த அந்த வறட்சியே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தாளுக்கும் அனுகூலமாக அமைந்தது. 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, மறு ஆண்டிலேயே சொந்த ஊரில் அதைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபில் வேண்டும். லேபிலுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் அதற்கு ஆண்டு முழுவதும் வேலை வேண்டும். இவ்வாறு ஒன்றன் தேவை மற்றொன்றைப் பிறப்பிக்க, கல்லச்சில் லேபில் அடித்த ஊர் காலக்கிரமத்தில் நாட்காட்டிக்கும் நாட்குறிப்புக்கும் தேசத்துக்கே தலைமை இடமாயிற்று. கோவில்பட்டி கொண்டையராஜு போன்ற ஓவியர்கள் தீட்டிய தெய்வத் திருவுருவங்கள் சிவகாசி அச்சின் வாயிலாகவே ஏழை எளியவர் இல்லங்களுக்கும் சென்று பூஜைக்குரிய படங்களாயின. படத்தின் புகழை உலகம் அறிந்தது. படத்தின் கீழே தைத்த தாள்களில் இருந்த கணிதத்தின் பெருமையை அவ்வளவாக அறியவில்லை.

அந்தத் தாளில் உள்ளவை எல்லாம் ஒரே தரத்துக் கணக்குகள் அல்ல. ராகு காலம் மிக எளிது: பகலை எட்டாகப் பகுத்துத் திங்களுக்கு ஏழரை முதல் ஒன்பது, சனிக்கு ஒன்பது முதல் பத்தரை என்று கிழமைக்கு ஒரு பங்கைக் குறித்துவிடலாம். திதியோ அப்படியன்று. சந்திரன் சூரியனைவிட்டுப் பன்னிரண்டு பாகை விலகும் காலம் ஒரு திதி. ஆனால் சந்திரன் பூமிக்கு அருகே வரும்போது விரைந்தும் தொலைவில் செல்லும்போது தயங்கியும் நடப்பதால், ஒரு திதி ஏறக்குறைய 20 மணியில் முடிவதும் உண்டு, 26 மணி வரை நீள்வதும் உண்டு. இந்த வேக பேதத்தை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கணிப்பதென்றால் அது மகா சிரமம். அச்சிரமத்தை வென்ற உபாயமே வாக்கிய பஞ்சாங்கம்.

அந்த உபாயத்தைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். சந்திரனுடைய வேகத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய இருபத்தேழரை நாள். ஒன்பது சுற்றுகள் சேர்ந்தால் அநேகமாகச் சரியாக 248 நாட்கள். ஆகவே அந்த 248 நாட்களில் ஒவ்வொரு நாளும் சந்திரன் எவ்வளவு நகர்ந்திருப்பான் என்பதை ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால், பிறகு அந்த அட்டவணையையே திரும்பத் திரும்ப எடுத்தாளலாம். அட்டவணையை ஓலையில் தேடிக் கொண்டிராமல் நெஞ்சிலேயே வைக்கும்பொருட்டு, ஒவ்வோர் எண்ணையும் ஒரு சிறு வாக்கியமாக ஆக்கினார்கள். அந்த 248 வாக்கியங்களும் வரருசி இயற்றியவை என்று பரம்பரை கூறும். எழுத்துகளுக்கு எண்மதிப்புத் தரும் கடபயாதி என்னும் முறையில் 'காலாநல' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், கா என்பது 1, லா 3, ந 0, ல 3. வலமிருந்து இடமாகப் படித்தால் 3031. இந்த 3031 நாட்களில் சந்திரனுடைய வேகச் சுற்று 110 முறை நிறைவேறுகிறது. இன்னும் பெரிய அளவு வேண்டுமென்றால் 12372 நாட்கள். அதில் 449 சுற்றுகள். பன்னிரண்டு 248-உடன் 55 சேர்ந்தால் 3031 என்பதையும், நான்கு 3031-உடன் ஒரு 248 சேர்ந்தால் 12372 என்பதையும் வாசகர் தாமே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்; சிறிய அளவில் விடுபட்ட நுண்பிழையைப் பெரிய அளவு ஈடுசெய்யும் வகையில் அவை ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருக்கின்றன.

ஆக, கணிதர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். குறித்த ஆதி நாளிலிருந்து கழிந்த நாட்களை எண்ணி, அத்தொகையை 12372-ஆல் வகுத்து, மிச்சத்தை 3031-ஆல் வகுத்து, அதன் மிச்சத்தை 248-ஆல் வகுத்தால், கடைசியில் நிற்கும் மிச்சமே அன்றைக்குரிய வாக்கியத்தின் எண். ஈவு ஒவ்வொன்றுக்கும் உரிய துருவ எண்ணைக் கூட்டிக்கொண்டு அந்த வாக்கியத்தை நினைவிலிருந்து சொன்னால் சந்திரன் நிற்கும் ராசியும் பாகையும் கலையும் கிடைத்துவிடும். கூட்டலும் கழித்தலும் வகுத்தலும் தவிர வேறொன்றும் வேண்டுவதில்லை. அவற்றையும் தரையில் சோழிகளைப் பரப்பியே முடித்துவிடுவார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டித் தமிழ்நாட்டில் தோன்றியதாகக் கருதப்படும் 'வாக்கியகரணம்' என்னும் வடமொழிக் கிரந்தம் இம்முறையைத் தொகுத்துரைக்கிறது. குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் அதைப் பரிசோதித்து 1962-இல் சென்னையில் பதிப்பித்தார்கள். கடினமான கணக்கை ஒருமுறை செய்து பட்டியலில் வைத்துக்கொள்வது, பெரிய எண்ணை மிச்சத்தால் சிறிதாக்குவது, எண்ணைச் சுருக்கமான குறியீட்டில் சேமிப்பது ஆகிய மூன்றும் இன்றைய கணினி மாணவனுக்கு முதல் ஆண்டிலேயே போதிக்கப்படும் பாடங்கள்.

இந்தக் கலையை மேனாட்டார் கண்டு வியந்த ஊர் புதுச்சேரி. சுக்கிரன் சூரியனைக் கடக்கும் காட்சியைக் காண 1768-இல் அங்கு வந்து, மறு ஆண்டு உரிய வேளையில் மேகம் மறைத்ததால் அதைக் காணாமலே திரும்பிய பிரெஞ்சு வானசாஸ்திரி லெ ஜாந்தீ, காத்திருந்த காலத்தில் தமிழர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30-ஆம் தேதிச் சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிதர் கணித்தது மெய்யளவிற்கு 41 விநாடியே குறைந்திருக்க, ஐரோப்பாவில் அந்நாளில் சிறந்ததாக மதிக்கப்பட்ட டோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி மிகுந்திருந்தது என்று தெரியவந்தது. பின்னர், சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலிதம்' என்னும் பெருநூலுக்காகப் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரை நாடினார். வானியல் சித்தாந்த சாஸ்திரத்தின் தத்துவம் ஒன்றும் அறியாத அம்மனிதர், தரையில் சோழிகளை வைத்து, நினைவில் நின்ற வாக்கியங்களின் துணையால், 1825 மே 31-ஆம் தேதி இரவு தொடங்கிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். தொடக்கத்தில் 4 நிமிஷமும் நடுவில் 23 நிமிஷமும் முடிவில் 52 நிமிஷமுமே பிசகு. ஓட்டோ நாய்கெபௌர் என்னும் கணித சரித்திர ஆசிரியர் 1952-இல் தமிழ் வானவியல் பற்றி எழுதியபோது, பாபிலோனிய முறைகளோடு தொடர்புடைய ஒரு பழங்கணிதம் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை தமிழகத்தில் உயிரோடு வழங்கியதற்கு இதைச் சாட்சியாகக் காட்டினார்.

வாரன் தம் நூலை வெளியிட்ட அதே காலத்தில் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம் கணிதப் பொறியை அமைக்க முயன்றுகொண்டிருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. அவரை அம்முயற்சிக்குத் தூண்டியவையும் வானியல் அட்டவணைகளில் மலிந்திருந்த பிழைகளே. கணிப்பவர் தவறலாம், பெயர்த்தெழுதுபவர் தவறலாம், அச்சுக் கோப்பவர் தவறலாம். ஆகையால் கணிக்கும் பொறியே அச்சுக்குரிய தகட்டையும் ஆக்கித் தரவேண்டும் என்று அவர் திட்டமிட்டார். இந்த மனக்கவலையைச் சிவகாசியில் நாட்காட்டித் தொழில் செய்பவர் நன்கு உணர்வர். ஆடிப்பெருக்கு அன்று புத்தாண்டு நாட்காட்டிகளின் ஆல்பம் வெளியாகி, ஆர்டர் குவிந்து, அரசு விடுமுறைப் பட்டியல் வந்ததும் அச்சு முடுக்கிவிடப்படும் அந்த மாதங்களில், 365 தாளில் ஒன்றில் ஓர் எண் பிறழ்ந்தாலும் அப்பிழை எத்தனையோ ஆயிரம் வீடுகளின் சுவரில் ஏறிவிடும். ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்திலும், கணினியில் பக்கம் அமைத்து ஆப்செட்டில் அடிக்கும் இக்காலத்திலும், மெய்ப்புப் பார்ப்பவரின் கண்ணே அங்கு கடைசிக் காவல்.

ஆனால் அச்சுப் பிழையைவிட ஆழமான பிழை ஒன்று உண்டு; அது கணக்கு சரியாக இருந்தும் வானத்தோடு பொருந்தாமல் போவது. வாக்கிய முறையில் ஓர் ஆண்டு என்பது 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. மெய்யான நட்சத்திர ஆண்டைக் காட்டிலும் இது நம் கடிகாரக் கணக்கில் ஏறக்குறைய 3 நிமிஷம் 20 விநாடி மிகுதி. ஒரு மனிதனின் ஆயுளில் இவ்வித்தியாசம் புலப்படாது. ஆயிரம் ஆண்டில் இரண்டு நாளைக் கடந்துவிடும். முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். கேரளத்துப் பரமேசுவரர் நெடுங்காலம் கிரகணங்களைக் கண்ணால் கண்டு சோதித்து 1431-இல் 'த்ருக்கணிதம்' என்னும் நூலை இயற்றினார். சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றி, 1867-இல் ஒளிமாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், கண்ணுக்குப் பிரத்யக்ஷமாகும் வானத்தோடு பஞ்சாங்கம் ஒத்திருக்க வேண்டும் என்று வாதாடித் திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். சுதந்திரத்துக்குப் பின் மேகநாத சாகா தலைமையில் அமைந்த குழு 1955-இல் அறிக்கை தர, 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி வழக்குக்கு வந்தது. எனினும் வாக்கியமும் திருக்கணிதமும் தமிழரிடையே இன்றும் இணையாக நடக்கின்றன: திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-இல் நிகழ்ந்த சனிப் பெயர்ச்சி, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அவ்வாண்டு டிசம்பர் 20-இல்தான் கொண்டாடப்பட்டது. ஒரே கிரகம், ஒரே வானம். இடையே பதினொரு மாதம்.

மரபைத் திருத்தியவர்கள் மரபுக்குப் பகைவர்கள் என்று எண்ணுவது தவறு. சிவகாசி முதல் தீக்குச்சிக்கு ஆயத்தமான அதே 1922-இல், திவான் பகதூர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குரிய நாட்கணக்கை 'இந்தியன் எபிமெரிஸ்' என்னும் தொகுதிகளாக வெளியிட்டார். சாசனங்களில் திதியும் நட்சத்திரமும் குறித்துச் சென்ற அரசர்களின் காலத்தை வரையறுக்கச் சரித்திர ஆராய்ச்சியாளர் இன்றும் அதையே கைக்கொள்கிறார்கள். சிவகாசிக்கு அண்மையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த ஆண்டாளின் காலத்தை, திருப்பாவையில் வெள்ளியும் வியாழனும் பற்றி வரும் குறிப்பைக்கொண்டு மு. இராகவையங்கார் கணிக்க முயன்றதும் இவ்வகை உழைப்பே. பழைய கணக்கைப் போற்றியவர்களே அதை வானத்தோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள்.

சிவகாசி வட்டாரத்து மக்களுக்கு இக்கணக்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. பட்டாசுத் தொழிலின் ஓராண்டு உழைப்பு முழுவதும் ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசி என்னும் ஒரு திதியை நோக்கியே செல்கிறது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைவாதலால், 2023-இல் நவம்பர் 12-இல் வந்த தீபாவளி 2024-இல் அக்டோபர் 31-க்கும் 2025-இல் அக்டோபர் 20-க்கும் முன்னேறியது. பத்தொன்பது ஆண்டில் ஏழு முறை வரும் அதிக மாதம் அதை மீண்டும் பின்தள்ளும். பண்டிகை முந்தினால் சரக்குச் செய்யும் நாள் குறையும். பிந்தினால் வடகிழக்குப் பருவமழை விற்பனையைத் தடுக்கும். சந்திரனுடைய கதியைப் பற்றிய கணக்கு அங்கே கூலியின் கணக்காகவும் ஆகிவிடுகிறது.

இன்று கணினி ஆராய்ச்சியில் முதன்மையாகப் பேசப்படுவது, ஏராளமான தரவுகளிலிருந்து தானே கற்று, காரணம் அறியாமலே முன்னுரைக்கும் இயந்திரத்தைப் பற்றியே. அத்தகைய இயந்திரத்தை எம்மட்டும் நம்பலாம், உலகம் மாறிய பின்னும் பழைய பாடத்தையே அது ஒப்புவிக்காமல் காப்பது எவ்வாறு என்னும் கேள்விகள் அறிஞர்களை வாட்டுகின்றன. தத்துவம் அறியாமல் கிரகணம் சொன்ன புதுச்சேரிக் கணிதரின் வெற்றியும், நூற்றாண்டுகள் செல்லச் செல்ல வாக்கியத்தில் சேர்ந்த பிசகும், அதைக் கண்ணால் கண்டு திருத்தப் பரமேசுவரரும் ரகுநாதாசாரியாரும் பட்ட பாடும் இக்கேள்விகளுக்கு நம் நாட்டுச் சரித்திரம் அளிக்கும் விடை: நிலைத்த கணக்கு எதுவாயினும் இடைவிடாத அவதானத்தால் புதுப்பிக்கப்பட வேண்டும்.

1984-இல் சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியும் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்லூரியும் தோன்றியபின், இம்மாவட்டத்துப் பிள்ளைகள் சொந்த மண்ணிலேயே பொறியியலும் கணினியும் பயில வாய்ப்புக் கிடைத்தது. அவர்களுடைய வாசலிலேயே, பழைய அச்சகங்களின் பரண்களிலும் மூட்டைகளிலும், கழிந்த ஆண்டுகளின் பஞ்சாங்கங்களும் நாட்காட்டித் தாள்களும் தேங்கியிருக்கக்கூடும். அவற்றைத் திரட்டி, வாக்கியத்தையும் திருக்கணிதத்தையும் நாளுக்கு நாள் ஒப்பிட்டு, எந்தக் கணக்கு எங்கே எவ்வளவு விலகுகிறது என்று ஆராய்வது ஒரு மாணவனின் ஆராய்ச்சிக்கு மிகத் தகுதியான பொருள். அவ்வேலை தொடங்கினால், கணினிக் கல்வி வெளியிலிருந்து வந்தது என்ற எண்ணம் நீங்கி, அதற்குரிய வேர்களில் ஒன்று இம்மண்ணிலும் ஓடுகிறது என்னும் உண்மை நிலைபெறும்.