ரவாங்கில் எரிந்த விளக்கும் லயத்து இருட்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் விரிவான எழுத்து வடிவம்)

"தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது. நம்மவர்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். இதற்கு யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, நாமேதான் காரணம்!" கருத்தரங்கில் எனக்கு முன் பேசிய நண்பர் இப்படி ஒரே போடாகப் போட்டுவிட்டு அமர்ந்தார். கைத்தட்டல் பலமாகவே கிடைத்தது.

இது புதிய கருத்தன்று. காப்பிக்கடையில் கேட்கிறோம், கல்யாண வீட்டில் கேட்கிறோம், தேர்தல் மேடையிலும் கேட்கிறோம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து பட்டணத்தில் வீடு வாங்கியவர்கள்தாம் இதை அதிகம் சொல்கிறார்கள் என்பது என் அனுபவம். அன்று எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஐந்து நிமிடம். நான் தொடங்கி ஊர்ப்பெயர் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அங்கே விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் செரண்டாக்காரன். செரண்டாவில் தொடங்கி, ரவாங், பத்து ஆராங், பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக் வழியாகக் கோலசிலாங்கூர் வரை போகும் இந்த வட்டாரத்தைக் காரில் சுற்றிவர அரைநாள் போதும். என் வாதத்துக்கு வேண்டிய சாட்சிகள் அத்தனையும் இந்த அரைநாள் பயணத்துக்குள்ளேயே இருக்கின்றன.

முதல் சாட்சி ரவாங். இந்த நாட்டின் மின்சார வரலாறு கோலாலம்பூரில் தொடங்கவில்லை, ரவாங்கில்தான் தொடங்கியது. 1894ஆம் ஆண்டில், தங்கள் ஈயச் சுரங்க வேலைக்காக அங்கே மின் உற்பத்தி இயந்திரத்தை நிறுவியவர்கள் இருவர். ஒருவர் லோக் இயூ. மற்றவர் நம்முடைய கா. தம்புசாமிப் பிள்ளை. ஆம், கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த அதே தம்புசாமிப் பிள்ளைதான்! தமிழனுக்கும் தொழில்நுட்பத்துக்கும் தூரம் என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ரயிலும் அதே காலத்தில்தான் வந்தது. 1892இல் ரவாங் வரை வந்த தண்டவாளம், செரண்டாவைக் கடந்து 1894இல் கோலகுபுவை எட்டியது. சற்றுத் தள்ளி, பத்து ஆராங்கில் 1915 முதல் நிலக்கரி வெட்டினார்கள். அந்தக் கரிதான் ரயிலை ஓட்டியது. 1927இல் பங்சாரில் மின்நிலையம் வந்தபோது கோலாலம்பூருக்கு வெளிச்சம் தந்ததும் அதே கரிதான். சுரங்கம் 1960இல் மூடப்பட்டது.

ஆக, மின்சாரம், ரயில், நிலக்கரி மூன்றும் எங்கள் வட்டாரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டன. இவற்றுக்கு நடுவே, கூப்பிடு தூரத்தில், ரப்பர்த் தோட்டத்து லயங்களில் என்ன எரிந்தது? மண்ணெண்ணெய் விளக்கு! ரவாங்கில் மின்விளக்கைப் பார்த்த தலைமுறை போய், அதன் பிள்ளைகள் போய், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்திலும் அதே மண்ணெண்ணெய் விளக்குதான். பிறகு பல தோட்டங்களில் ஜெனரேட்டர் வைத்தார்கள். மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு வரும், இரவு பத்து மணிக்கெல்லாம் போய்விடும். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை பத்து மணிக்குமேல் என்ன செய்யும்? தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரும் போதிய மின்சாரமும் முதலாளி கொடுத்தாக வேண்டும் என்று 1990ஆம் ஆண்டிலும் சட்டத்தில் எழுதவேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். 1894க்கும் 1990க்கும் இடையே 96 ஆண்டுகள்.

நண்பரே, அந்த 96 ஆண்டுகளும் லயத்துக்காரன் சோம்பலால் கழிந்தவை அல்ல. காலை இருட்டில் பெரட்டுக்கு நின்று, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு மரம் மரமாய் ஓடியவன் அவன்.

மரம் வளர்ந்தது, வெட்டியவன்?

ரப்பர் என்பதே விஞ்ஞானத்தால் வந்த பயிர். மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மெல்லிய கோடாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவிலிருந்த ரிட்லி சோதித்துக் காட்டியிராவிட்டால், காப்பித் தோட்டங்கள் அவ்வளவு வேகமாக ரப்பராக மாறியிருக்கா. 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டது. அதன் பரிசோதனைத் தோட்டம் எங்களுக்குப் பக்கத்திலேயே, சுங்கை பூலோவில் இருந்தது. அதிகப் பால் தரும் ஒட்டுரகங்கள் வந்தன, பால் சுரக்கவைக்கும் மருந்துகள் வந்தன. மரத்துக்குச் செய்யக்கூடிய அத்தனை ஆராய்ச்சியும் நடந்தது. ஆனால் வெட்டுகிறவன் கையில் இருந்தது அதே கத்தி, அதே மங்கு, அதே பால்வாளி. மழை பெய்தால் அன்றைக்கு வெட்டில்லை. வெட்டில்லை என்றால் கூலி இல்லை. இதற்கு எந்த ஆராய்ச்சிக் கழகமும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

பிறகு செம்பனை வந்தது. இதுவும் எங்கள் பக்கத்துக் கதைதான். பத்தாங் பெர்ஜுந்தையில் (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே வணிக நோக்கில் இந்நாட்டின் முதல் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது அங்கேதான். இவர் பின்னாளில் மலாயா வாழ்க்கையை நாவலாக எழுதி, 1930இல் பிரான்சின் உயரிய கொங்கூர் பரிசையும் பெற்றவர். செம்பனையின் பிறந்தகத்துக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் காலத்திலும் நம்முடைய தென்னைமரத்தின் பெயர்! அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும்.

1960களுக்குப் பிறகு ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை பரவியது. ஒரே அளவு நிலத்துக்கு ரப்பரைவிடச் செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். அதனால் வேலை குறைந்தது. ஆனாலும் பெண்களுக்கென்று ஒரு வேலை மிச்சமிருந்தது. அதைப் பற்றி நம் கருத்தரங்குகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

செம்பனையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. இரண்டும் ஒரே மரத்தில் ஒரே சமயத்தில் பெரும்பாலும் பூப்பதில்லை. ஆப்பிரிக்காவில் காய் தானாகப் பிடித்தது, இங்கே சரியாகப் பிடிக்கவில்லை. ஆகவே மனிதக் கையால் செய்தார்கள். ஆண் பூவிலிருந்து மகரந்தத்தை உதிர்த்து, காயவைத்து, முகப்பவுடர் போன்ற தூளில் கலந்து, பெண் பூ மலர்ந்திருக்கும் மரத்தைத் தேடிப்போய் ஊதவேண்டும். ஓரிரு நாள் தவறினால் அந்தப் பூ வீண். மட்டையின் முள்ளுக்கு நடுவே கையை விட்டு, எந்தப் பூ இன்றைக்குப் பக்குவம், எது நாளைக்கு என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள் நம் பெண்கள். அதைத் திறமை என்று யாரும் எழுதிவைக்கவில்லை, கூலி வேலை என்றே கணக்கெழுதினார்கள்.

கேமரூனில் வேலை பார்த்துவிட்டு மலேசியாவுக்கு வந்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட அதிகாரிக்கு ஒரு சந்தேகம். அங்கே பூக்களைச் சுற்றி மொய்க்கும் சின்ன வண்டுகள் இங்கே இல்லையே, அதுதான் காரணமோ? யூனிலீவர் நிறுவனத்தின் ஏற்பாட்டில், ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்து, அந்த வண்டேதான் மகரந்தத்தைச் சுமக்கிறது என்று நிறுவினார். வேறு பயிர்களை அது தின்னாது என்று சோதித்துப் பார்த்தபின், 1981 பிப்ரவரியில் ஜொகூரில் அதைத் திறந்துவிட்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் தீபகற்பம் முழுதும் பரவிவிட்டது. காய்ப்பு கூடியது. மகரந்தம் ஊத ஆள் தேவையில்லாமல் போயிற்று.

அழகான விஞ்ஞானம் அது, மறுப்பதற்கில்லை. இயந்திரம்கூட இல்லை, எறும்பளவு வண்டு! ரஹ்மான் சையத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பூச்சியியல் அறிஞரின் வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். என் கேள்வி, அந்த வண்டால் மிச்சமான கூலிப்பணம் எங்கே போயிற்று என்பதே. மகரந்தம் ஊதிய கைகளுக்கு அடுத்து என்ன வேலை கொடுத்தார்கள்? உதிரிப் பழம் பொறுக்குவது, இல்லையென்றால் முதுகில் மருந்துப் பம்பு. புல்லுக்கு அடிக்கும் பாராகுவாட் நஞ்சைப் பெண்கள் சுமந்து தெளித்தார்கள். பெண் தொழிலாளர்களின் உடல்நிலை பற்றி ஐரீன் பெர்னாண்டசின் தெனாகானித்தா அமைப்பு எழுப்பிய குரல் பலருக்கு நினைவிருக்கலாம். அரசாங்கம் 2002இல் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரியில்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. பூவை வண்டிடம் கொடுத்துவிட்டு நஞ்சை வாங்கிக்கொண்டார்கள் நம் பெண்கள்.

சைக்கிள் ஒரு குற்றமா?

இதுவரை சொன்னவை தோட்டத்துக்காக வந்த தொழில்நுட்பம். தொழிலாளியின் சொந்தக் கைக்கு வந்த கருவிகள் வேறு. அவற்றை அவன் எப்படிப் பயன்படுத்தினான் என்று பார்த்தால்தான் நண்பரின் குற்றச்சாட்டுக்குப் பதில் கிடைக்கும்.

ஓர் எளிய சைக்கிளை எடுத்துக்கொள்வோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மாபெரும் வேலைநிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, நல்ல மருத்துவம், பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துவது, கள்ளுக்கடையை மூடுவது, சங்கம் அமைக்கும் உரிமை என்று கோரிக்கைகள் நீண்டன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும்! சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமையைக் கேட்டுப் போராடியிருக்கிறார்கள். தொழில்நுட்பத்தின் அரசியலை நம் பாட்டன்மார் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் "தமிழ் நேசன்" ஆசிரியர் குழுவில் இருந்தவர். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன அதே நாளேடுதான். ஒருவர் படிக்கப் பத்துப்பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் அது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் பத்திரிகை போய்ச் சேர்ந்தது. அதிகாரிகள் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். சிலாங்கூரில் ராணுவம் இறக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். சைக்கிளில் போகக் கேட்டதற்கு, ரயிலிலும் லாரியிலும் ராணுவம் வந்தது.

வானொலியின் கதை நேர்மாறு. அவசரகாலத்தில் அரசாங்கமே தோட்டங்களுக்கு வானொலிப் பெட்டி கொடுத்தது. தன் குரல் கேட்கவேண்டும் என்பது நோக்கம். நம்மவர்கள் அதில் பாட்டும் கேட்டுக்கொண்டார்கள். 1963 டிசம்பரில் தொலைக்காட்சி வந்தது. அது கேளிக்கையாகவே நின்றுவிட்டது. இந்த இடத்தில் நண்பர் சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். தவணைக்குப் பெரிய பெட்டி வாங்கிய வீட்டில் பிள்ளை படிக்க ஒரு மேசை இல்லாததை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கைப்பேசி வந்தபோது கதை மீண்டும் மாறியது. 2007 ஏப்ரலில் எங்கள் வட்டாரத்து ஈஜோக்கில் இடைத்தேர்தல். ம.இ.கா. வேட்பாளர் வென்றார். அதே ஆண்டு நவம்பர் 25இல் கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணி. 2008 மார்ச்சில் அதே ஈஜோக் தொகுதி எதிரணிக்குப் போனது, சிலாங்கூர் ஆட்சியே மாறியது. குறுஞ்செய்தி கைக்குக் கை பறந்த நாட்கள் அவை. இணையப் போரில் தோற்றோம் என்று அன்றைய பிரதமர் அப்துல்லா அகமது படாவியே பிறகு ஒப்புக்கொண்டார். எந்தக் கட்சி சரி என்பது என் பேச்சன்று. கருவி கைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே நம்மவர்கள் அதைக் கொண்டு அரசியல் செய்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது செரண்டா பக்கம் வருகிறவர்களுக்குத் தோட்டம் அதிகம் தெரியாது. சுங்கை சோவில் பெரோடுவா கார்த் தொழிற்சாலை 1990களில் எழுந்தது. பால்மரம் நின்ற இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள். 1890களில் கரிப்புகை விட்டுக்கொண்டு ரயில் ஓடிய தடத்தில் இப்போது மின்ரயில். லயத்திலிருந்து வெளியேறியவர்களில் பலருக்கு, நூறாண்டு இருந்த மண்ணில் ஒரு துண்டுகூடச் சொந்தமில்லை. அவர்கள் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சடக்கோரம் நின்றார்கள்.

கருத்தரங்கு முடிந்து வெளியே வரும்போது, பார்வையாளர் வரிசையில் இருந்த ஓர் அம்மா என்னை நிறுத்தினார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பூவுக்குத் தூள் ஊதியவராம்.

"நாளையிலருந்து தூள் அடிக்க வேணாம்னு கிராணி ஒருநாள் சொன்னாரு தம்பி. ஏன்னு சொல்லல. நாங்க என்னமோ தப்புப் பண்ணிட்டோம்னு நெனச்சோம்" என்றார்.

வண்டு வந்த கதையை அவருக்குச் சொன்னேன். பேருந்து வந்துவிட்டதால் பாதியில் ஏறிப் போனார்.