உயிலில் உங்கள் பெயரும் வழக்கறிஞர் பெயரும் – யார் எதைச் செய்வது?

பெரியப்பா இறந்து 2 வாரம். பஃபலோ ரோட்டில் அவருடைய வீவக வீடு, வங்கியில் கொஞ்சம் சேமிப்பு, அலமாரியில் நகைகள். உயிலைப் பிரித்துப் பார்த்தால் அதை நிறைவேற்றும் பொறுப்பில் 2 பெயர். ஒன்று அவருக்குத் தெரிந்த வழக்கறிஞர். இன்னொன்று... நீங்கள்!

"அதான் லாயர் இருக்காரே, அவர் பார்த்துக்குவார்" என்று விட்டுவிடலாமா?

முடியாது. இருவருக்கும் பொறுப்பு சமம்.

நிறைவேற்றுநர் என்ன செய்யவேண்டும்?

இறந்தவரின் சொத்துகளைத் திரட்டவேண்டும். கடன், வரியைக் கட்டவேண்டும். மிச்சத்தை உயிலில் உள்ளபடி பிரித்துத் தரவேண்டும்.

அதற்குமுன் நீதிமன்றத்தின் 'புரோபேட்' அனுமதி தேவை. சொத்து மதிப்பு 5 மில்லியன் வெள்ளிவரை என்றால் குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பம். அதற்குமேல் என்றால் உயர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவு. இறந்து 6 மாதத்துக்குமேல் ஆகிவிட்டால் தாமதத்துக்குக் காரணம் சொல்லவேண்டும்.

ஒரே நேரத்தில் 4 பேர்வரை புரோபேட் பெறலாம். ஒருவருக்குமேல் நியமிப்பது புதிதல்ல. 2015இல் காலமான திரு லீ குவான் யூவின் உயிலில் மகளும் இளைய மகனும் நிறைவேற்றுநர்கள்.

வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது?

வழக்கறிஞர்: நீதிமன்ற ஆவணங்கள், கடன் கொடுத்தவர்களுக்கான அறிவிப்பு, வீட்டுப் பத்திரம்.

நீங்கள்: வங்கிக் கணக்கு விவரங்கள், பில்கள், நகைப் பட்டியல், உறவினர்களுக்குத் தகவல். அவரது வருமான வரிக் கணக்கை முடிப்பதும் நிறைவேற்றுநர்களின் கடமை.

பிரித்துக்கொண்டதை மின்னஞ்சலில் எழுதிவையுங்கள். வீட்டை விற்க இருவர் கையெழுத்தும் வேண்டும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் தவறு செய்வது தெரிந்தும் சும்மா இருந்தால் நீங்களும் பதில் சொல்லவேண்டி வரலாம்.

கட்டணம் யார் கொடுப்பது?

பொதுவாக, பெரியப்பா விட்டுச்சென்ற சொத்திலிருந்து போகும். அதாவது குடும்பத்துக்குக் கிடைக்கும் பங்கு குறையும். வழக்கறிஞர் கட்டணம் வாங்கலாமா என்று உயிலில் இருக்கிறதா பாருங்கள். ஆரம்பத்திலேயே மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

ஒரு முக்கிய வேறுபாடு. நீங்களாக அமர்த்திய வழக்கறிஞர் என்றால் பிடிக்காவிட்டால் மாற்றலாம். உயிலில் பெயருள்ளவரை அப்படி நீக்கமுடியாது. அவரே விலகவேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம் போகவேண்டும்.

"அந்தச் சங்கிலி எனக்குத்தானே?"

அத்தை இப்படிக் கேட்பார். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அவசரப்படாதீர்கள்! கடன்களை அடைக்கும்முன் சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டால், பிறகு பணம் போதாமல் போகும்போது உங்கள் சொந்தப் பையிலிருந்து கட்டவேண்டியிருக்கும். "புரோபேட் வரட்டும் அத்தை, லாயரும் அதைத்தான் சொல்றார்" என்று சொல்லலாம். வழக்கறிஞர் கூட இருப்பதில் அது ஒரு வசதி!

உயிலில் அடங்காதவை

மத்திய சேம நிதி உயிலுக்குள் வராது. அதற்குத் தனியாக நியமனம் செய்திருக்கவேண்டும். செய்யாவிட்டால் பணம் பொது அறங்காவலர் மூலம் பிரிக்கப்படும். கூட்டு உரிமையில் உள்ள வீடு பொதுவாக உயிரோடிருக்கும் மற்ற உரிமையாளருக்குப் போகும். ஊரில் நிலம் இருந்தால் இந்தியச் சட்டப்படி அங்கே தனி நடைமுறை. முஸ்லிம்களுக்கு ஃபராயில் விதிமுறைகள் பொருந்தும்.

உங்களால் முடியாது என்றால்?

மறுக்கலாம். ஆனால் சொத்தில் கைவைக்கும் முன்பே எழுத்துபூர்வமாக விலகவேண்டும். நகையை விற்றுவிட்டு, பணத்தை எடுத்துவிட்டு "எனக்கு வேண்டாம்" என்று சொல்வது சிரமம்.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். அப்பா, அம்மாவிடம் கேளுங்கள்: "உயில் எங்கே இருக்கு? அதில் என் பெயர் இருக்கா?" கேட்க ஒரு மாதிரி இருக்கும். தெரியாமல் தவிப்பதைவிட அது பரவாயில்லை.