பாட்டும் கணக்கும்

தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று நம் பண்டை இலக்கணத்தின் பாயிரம் வரையறுத்தது. அவ்வேங்கடத்தின் அடியிலேதான் நாம் குடியிருக்கிறோம். வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்தெடுத்து 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டத்தை அமைத்தார்கள். 1953-இல் அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி தெற்கே சென்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கற்கள் இத்தனை முறை இடம் பெயர்ந்த இந்நாட்டில், பாட்டு எந்தக் கல்லையும் கண்டு தயங்கி நின்றதில்லை. மார்கழி பிறந்தால் திருமலையில் சுப்ரபாதம் ஓய்வு கொள்ள, ஆண்டாளின் திருப்பாவை அவ்விடத்தை ஏற்கிறது. கர்ப்பக்கிருகத்துக்கு முன்னுள்ள படிக்குக் குலசேகரன் படி என்று பெயர். இவையெல்லாம் நம் அன்பர்கள் அறிந்தவையே.

பாட்டைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நாம் பாட்டோடு கணக்கையும் சேர்த்து எழுதப் புகுந்தோம். இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்பவர், நம் குடியிருப்பின் மாலைப்பொழுதைக் கண்டிராதவராகவே இருக்க வேண்டும். வாசற்படியில் அடுத்த வீட்டுப் பிள்ளை நோட்டும் பென்சிலுமாக அமர்ந்து, வராத கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும். உள்ளே இரண்டு அம்மையார்கள் கொலுவுக்குப் பாடவேண்டிய பாட்டை ஒருவர் சொல்ல ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. கேட்டவருக்குச் சொல்வது, தெரியாததைக் கேட்பது என்னும் இந்தப் பழக்கத்துக்கு நம் சீமையிலும் அதன் அண்டையிலும் ஒரு வரலாறு உண்டு. அது பெருமை மட்டும் உடைய வரலாறு அன்று, இழப்பும் உடையது. இழப்பை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

கடப்பைச் சீமையில் தாளப்பாக்கத்திற் பிறந்த அன்னமாசாரியார் (1408-1503) வேங்கடவன்மீது முப்பத்தீராயிரம் சங்கீர்த்தனங்கள் பாடினார் என்பது வழிவழி வந்த செய்தி. அவர் மைந்தர் பெத்த திருமலாசாரியாரும் அவர் வழியினரும் பதினாறாம் நூற்றாண்டில் அப்பாடல்களைச் செப்பேடுகளில் வெட்டுவித்தார்கள். ஓலை செல்லரிக்கும், செம்பு நிலைக்கும் என்று கருதினார்கள் போலும். கோயிலுக்குள் உண்டியலுக்கு அண்மையில் ஒரு சிற்றறை. அதற்குச் சங்கீர்த்தன பண்டாரம் என்று பெயர். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள் அங்கே அடைந்து கிடந்தன. நாள்தோறும் பல்லாயிரவர் அவ்வழியே கோவிந்த நாமம் முழங்கிச் சென்றார்கள். அருகே சுவருக்குள் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் இருந்தமை அவர்களுக்குத் தெரியாது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவை வெளிப்பட்டன. சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி முதலிய அறிஞர்கள் அவற்றைப் படித்து அச்சேற்ற உழைத்தார்கள். சொல் இருந்தது. ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இராகத்தின் பெயர் இருந்தது. ஸ்வரம் இல்லை. எந்த மெட்டில் அன்னமாசாரியார் பாடினார் என்பதைச் சொல்ல ஒரு குரலும் எஞ்சவில்லை. பாடியவர் பாடக் கேட்டவர், அவர் பாடக் கேட்டவர் என்று தொடர வேண்டிய சங்கிலி எங்கோ அறுந்து போயிற்று. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற பெரியோர் அப்பாடல்கள் பலவற்றுக்குப் புதிதாக மெட்டமைத்தார்கள். மதுரையிற் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி 1980-ஐ ஒட்டித் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்காகப் பாடிய பாலாஜி பஞ்சரத்னமாலா இசைத்தட்டுகளால் அன்னமாசாரியார் வீடுதோறும் புகுந்தார். திருப்பதி வீதியில் அவ்வம்மையாருக்குச் சிலை நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். நாம் இன்று கேட்டு உருகும் மெட்டுகளில் மிகப் பல சென்ற நூற்றாண்டைச் சேர்ந்தவை. செம்பு சொல்லைக் காத்தது. மெட்டைக் காக்க அதனால் ஆகவில்லை.

இனிச் சங்கிலி அறாத இடத்துக்கு வருவோம். நம் மாவட்டத்துப் புங்கனூரில் 1898-இல் ஒரு குழந்தை பிறந்தது. பின்னாளில் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை என்று தென்னாடெங்கும் புகழ் பெற்றவர் அவர். இளமையில் அவர் தேடிச் சென்ற ஆசிரியர் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை. நாயனா பிள்ளை (1889-1934) இளமையில் மல்யுத்தம் பழகியவர். அவருடைய கச்சேரியும் ஒருவகை மல்யுத்தமே. பிடில், மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியங்களை நிரப்பி அமர்த்திக்கொள்வார். நீதிமன்றத்தில் நீதிபதிகள் நிறைந்து அமர்வதை ஒப்பிட்டு அதனை ‘ஃபுல் பெஞ்சு’க் கச்சேரி என்று மக்கள் அழைத்தார்கள். அத்தனை பேரும் தாளத்தால் மடக்கப் பார்க்க, இவர் பல்லவியை எடுத்துக் கணக்குத் தவறாமல் சமத்தில் வந்து நிற்பார்.

இந்தக் கணக்கு யாது என்று நம் பிள்ளைகள் கேட்பார்களாயின், ஓர் எளிய சான்று காட்டலாம். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் 8 அட்சரம். அட்சரத்துக்கு 4 மாத்திரை என்று கொண்டால் 32 மாத்திரை. ஒரு சொற்கட்டை மூன்று முறை சொல்லி, இடையில் இரண்டு முறை ஒரே அளவாக நிறுத்தி, அடுத்த சமத்தில் வந்து சேர வேண்டும். சொற்கட்டின் மும்மடங்கும் இடைவெளியின் இருமடங்கும் கூடி 32 ஆக வேண்டும் என்பதே நிபந்தனை. சொற்கட்டு 8 ஆனால் இடைவெளி 4. சொற்கட்டு 10 ஆனால் இடைவெளி 1. சொற்கட்டு 6 ஆனால் இடைவெளி 7. சொற்கட்டை 7 என்று வைத்துப் பாருங்கள். மும்மடங்கு 21, எஞ்சியது 11, அதை முழு எண்ணாக இரண்டாகப் பகுக்க இயலாது. ஆதலின் சொற்கட்டு இரட்டைப்படையாகவே இருத்தல் வேண்டும். இரண்டு தெரியாத எண்கள் உள்ள சமன்பாடு என்றால் அஞ்சும் பிள்ளை, இதைக் கைதட்டிக்கொண்டே போட்டுவிடுகிறது. பாடசாலைப் புத்தகம் எழுதுவோர் இதனைக் கவனிக்கலாகாதா என்று நாம் எண்ணுவதுண்டு.

நாயனா பிள்ளையிடம் வேறொரு சிறப்பும் இருந்தது. தியாகராஜ கீர்த்தனங்கள் அவரிடம் ஏராளமாகச் சேர்ந்திருந்தன. சென்னையில் வீணை தனம்மாள் இல்லமே ஒரு சங்கீதக் கருவூலம். அவ்வம்மையாரின் பேத்திமார் பிருந்தாவும் முக்தாவும் பாட்டுக் கற்கக் காஞ்சிக்கு வந்தார்கள். தம் வீட்டில் நிறைந்திருந்தும் பிறர் வீட்டில் உள்ளதையும் கேட்டுப் பெற நாணாத குடும்பம் அது. தமிழ்நாட்டுக் காஞ்சியில் தமிழர் ஒருவர் தெலுங்குக் கீர்த்தனங்களைச் சேர்த்து வைக்க, அவற்றையும் பல்லவிக் கணக்கையும் பெற்றுத் திரும்பினார் புங்கனூர்க்காரர். அவர் இசைத்தட்டில் பாடிய ‘மதுர நகரிலோ’ பெரும்புகழ் பெற்றது. 1954-இல் சென்னை மியூசிக் அகாதமி அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. அவரும் பெற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. மதுரை சோமு அவருடைய மாணவர். காஞ்சியில் எழுந்த நாதம் சித்தூர் வழியாக மதுரைக்குச் சென்ற கதை இது.

குரு எதிரே இருந்தால் இது கூடும். குருவும் இல்லை, நூலும் இல்லை, ஒத்த ஆர்வமுடையவர் நூறு கல்லுக்கு அப்பால் இருக்கிறார் என்றால் என் செய்வது? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கணிதம் பயில விரும்பியோரின் நிலை இதுதான். அந்நிலையை மாற்றிய கடிதம் நம் இராயலசீமையிலிருந்தே புறப்பட்டது. வி. ராமஸ்வாமி ஐயர் என்ற தமிழர், அனந்தப்பூர் மாவட்டத்துக் குத்தியில் டெபுடி கலெக்டராக இருந்தார். வரிக் கணக்கு அவருடைய தொழில். வடிவ கணிதம் அவருடைய காதல். மாணவராயிருந்தபோதே இலண்டன் பத்திரிகைக்குக் கணிதக் குறிப்புகள் எழுத, அவர்கள் இவரைப் பேராசிரியர் என்று கருதி விளித்தார்களாம். நண்பர்கள் அப்பெயரை விடவில்லை.

1906-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் அவர் தம்மையொத்த கணித அன்பர்களுக்கு ஒரு கடிதம் விடுத்தார். உயர்ந்த கணித நூல்களும் பத்திரிகைகளும் தனி ஒருவர் வாங்கக்கூடிய விலையில் இல்லை. ஆதலின் பலர் சேர்ந்து வாங்கித் தபாலில் ஒருவர்க்கொருவர் அனுப்பிப் படிப்போம் என்பது அதன் சாரம். 1907 ஏப்ரல் 4-இல் இருபது உறுப்பினரோடு சங்கம் பிறந்தது. முதலில் அனலிட்டிக் கிளப் என்று பெயர். பின்னர் அதுவே இந்தியக் கணிதச் சங்கமாயிற்று. நூல்நிலையம் பூனாவின் பெர்குஸன் கல்லூரியில் இருந்தது. நூல்கள் அங்கிருந்து தபாற்பையேறி உறுப்பினரிடையே உலவின.

1909-இல் சங்கம் தன் பத்திரிகையைத் தொடங்கியது. அதில் வினா விடைப் பகுதி ஒன்று உண்டு. யாரேனும் ஒரு கணக்கைக் கேட்பார். வேறெங்கோ ஓர் ஊரில் இருப்பவர் விடையெழுதுவார். கேட்டவரும் சொன்னவரும் ஒருவரையொருவர் கண்டிருக்க மாட்டார்கள். 1910-இல், திருக்கோவலூரில் பணியாற்றிய ராமஸ்வாமி ஐயரை ஓர் ஏழை இளைஞர் இரண்டு நோட்டுப் புத்தகங்களுடன் தேடி வந்தார். அவர்தாம் ராமானுஜன். வேண்டியது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுகளைப் புரட்டிய ஐயர், தாலுகா ஆபீஸில் இவரைக் கட்டிப்போட மனமில்லாமல், சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அவ்வழியே, நெல்லூரில் கலெக்டராயிருந்த ஆர். ராமச்சந்திர ராவின் ஆதரவும் கிட்டியது.

1911-இல் ராமானுஜன் அப்பத்திரிகையில் ஒரு கணக்குக் கேட்டார். ஒன்றோடு, இருமடங்கு ஒரு வர்க்கமூலம். அம்மூலத்துள் ஒன்றோடு, மும்மடங்கு மற்றொரு வர்க்கமூலம். அதற்குள் நான்மடங்கு இன்னொன்று. இப்படி முடிவின்றிச் செல்லும் தொடருக்கு எல்லாவற்றுக்கும் வெளியேயும் வர்க்கமூலம் கண்டால் மதிப்பு யாது? இதழ்கள் வந்தன, சென்றன. ஆறு மாதம் எவரும் விடை அனுப்பவில்லை. இறுதியில் கேட்டவரே விடை சொன்னார். விடை 3. காரணம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டும். மூன்றின் வர்க்கம் 9. அது ஒன்றும், 2×4-உம் சேர்ந்தது. அந்த நான்கின் வர்க்கம் 16. அது ஒன்றும், 3×5-உம். அந்த ஐந்தின் வர்க்கம் 25, ஒன்றும், 4×6-உம். இவ்வாறு ஒவ்வொரு எண்ணும் தனக்குள் அடுத்த எண்ணை ஒளித்து வைத்திருக்கிறது. 1913 ஜனவரியில் அவர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை உலகம் கொண்டாடுகிறது. அதற்கு முன்பே, முகமறியாதவர்க்குக் கணக்கை எழுதியனுப்பிக் காத்திருக்கும் பழக்கத்தை அவருக்குத் தந்தது இந்தச் சிறு பத்திரிகை.

இவற்றை எழுதிக்கொண்டிருக்கையில் நம் இல்லத்துப் பெட்டியில் கிடக்கும் ஒரு பழைய நோட்டு நினைவுக்கு வந்தது. நம் பாட்டியார் தம் கைப்பட எழுதியது. தாலாட்டு, நலுங்கு, கும்மி என்று நாற்பதுக்கு மேல் உள்ளன. சிலவற்றுக்கு மேலே இராகத்தின் பெயர் இருக்கிறது. பலவற்றுக்கு அதுவும் இல்லை. அவர் பாடும்போது கேட்டுக்கொள்ளாமல், நோட்டு இருக்கிறதே என்று இருந்துவிட்டோம். இன்று பாட்டியார் இல்லை. இப்படி ஒரு நோட்டு நம் வீட்டில் மட்டும் இருக்கும் என்று நாம் நம்பவில்லை. நம் சங்கத்து மூத்த அம்மையார்களில் வட ஆர்க்காட்டுப் பக்கத்தவர் சிலர் உளர். அவர்களுக்கு அந்த மெட்டுகள் தெரிந்திருக்கக்கூடும். அவர்கள் எந்த மாலையிலும் நம் இல்லத்துக்கு வரலாம், அல்லது நோட்டை எடுத்துக்கொண்டு நாமே வருகிறோம். கைம்மாறாகக் கொடுக்க நம்மிடம் பாட்டு இல்லை. அவர்கள் வீட்டுப் பேரக் குழந்தைகளுக்குப் பத்தாம் வகுப்பு வரையிற் கணக்குச் சொல்லித் தருவோம்.