மாலையில் மருதம்

காலைக்கு உரிய பண் மருதம். மாலைக்கு உரியது செவ்வழி. சங்ககாலப் பாணர்க்கு இது அடிப்படை ஒழுங்கு. அவ்வொழுங்கு பிறழ்ந்த செய்தியைப் புறநானூற்றின் 149ஆம் பாட்டில் வன்பரணர் பதிவு செய்திருக்கிறார். கண்டீரக் கோப்பெருநள்ளியிடம் பரிசில் பெற்று வாழும் பாணர்கள் மாலையில் மருதத்தையும் காலையில் செவ்வழியையும் இசைக்கத் தொடங்கிவிட்டனராம். தம் மரபையே மறந்தனராம். காரணம் நள்ளியின் கொடை. நள்ளி ஆண்ட தோட்டி மலையை நீலகிரிப் பகுதியில் வைத்துக் காணும் அறிஞர் உண்டு. அவ்வாறாயின், வேளை தவறிய இசையைப் பற்றிய பழங்குறிப்பு ஒன்று கொங்கின் வாசலிலேயே கிடைக்கிறது.

இதை இங்கே நினைவுகூரக் காரணம் உண்டு. நம் மாணவர்களின் கைபேசிகளில் நடைப்பயிற்சிக்கு ஒரு பாடல் பட்டியல், படிப்பதற்கு ஒன்று, பேருந்துப் பயணத்திற்கு ஒன்று, உறங்குவதற்கு ஒன்று எனத் தனித்தனியே இருக்கின்றன. இப்பழக்கம் தம் தலைமுறையோடு பிறந்தது என்றே அவர்கள் எண்ணுகிறார்கள். வேலைக்கும் வேளைக்கும் ஏற்ப இசையைத் தெரிவது நம்மிடையே மிகப் பழைய வழக்கம். மாறி வந்திருப்பது தெரிபவர் யார் என்பதுதான்.

அகநானூற்றின் 102ஆம் பாட்டில் தினைப்புனம் காக்கும் கொடிச்சி குறிஞ்சிப் பண் பாடுகிறாள். கதிரைத் தின்ன வந்த யானை தின்ன மறந்து உறங்கிவிடுகிறது. புறநானூறு 281இல் போரில் புண்பட்டுக் கிடப்பவனைக் காக்கும் வீட்டில் யாழும் பிற கருவிகளும் ஒலிக்கக் காஞ்சிப் பண் பாடப்படுகிறது. பொருநராற்றுப்படையிலோ பாலை யாழின் ஓசை கேட்டு வழிப்பறிக் கள்வர் படைக்கலத்தைக் கீழே போடுகின்றனர். காவல், மருத்துவம், பயணம் என ஒவ்வொரு செயலுக்கும் ஓர் இசை இருந்தது. விசயமங்கலத்துக் கொங்குவேளிர் பாடிய பெருங்கதையின் தலைவன் உதயணனும் நளகிரி என்னும் மதயானையை யாழிசையால்தான் அடக்குகிறான். தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் எனப் பகுத்த மரபும் இதன் தொடர்ச்சியே. பொதுப்பண் என்றொரு வகையை ஒதுக்கி வைத்தவர்களின் நடைமுறை அறிவை நாம் வியக்கிறோம். எந்த வேளைக்கும் பொருந்தும் பாட்டு என்று சில இருக்கத்தானே செய்கின்றன?

நூல்களை விட்டு நிலத்துக்கு வருவோம். கொங்கு மழை குறைந்த நாடு, கிணறுகள் ஆழமானவை. காவிரிப் பாசனம் பெற்ற ஊர்களின் கதை வேறு. இங்கே எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தே வயல் நனைந்தது. சரிவில் எருதுகள் இறங்க, வடத்தின் மறுமுனையில் சால் மேலேறி நீரைக் கொட்டும். மீண்டும் எருதுகள் மேடேற வேண்டும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை நீளும் இவ்வேலைக்குக் கவலைப் பாட்டே துணை. பாடுவோன் களிப்புக்காக மட்டும் பாடவில்லை. எத்தனை சால் இறைத்தோம் என்னும் கணக்கும், எருதுகளின் நடையும், தன் தூக்கத்தை விரட்டுவதும் அப்பாட்டிலேயே அடங்கியிருந்தன. ஏற்றம் இறைப்பவன் பாதியில் நிறுத்திய பாட்டின் மறுபாதி தெரியாமல் கம்பர் தவித்து, மறுநாள் விடியலில் அதைக் கேட்கவே மீண்டும் வந்தார் என்னும் செவிவழிக் கதை, உழைப்பாளியின் பாட்டுக்குப் புலவர்கள் தந்த மரியாதை எனலாம்.

1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. 1888இலேயே கோவையில் முதல் நூற்பாலை தோன்றிவிட்டது என்றாலும், ஆலைகள் பெருகியது பைக்காராவுக்குப் பிறகே. கோவைப் பட்டறைகள் பம்புசெட்டுகளைச் செய்யத் தொடங்கின. மின்கம்பி எட்டிய தோட்டங்களில் எருதுகள் ஓய்ந்தன. எருதுகளோடு பாட்டும் ஓய்ந்தது. மோட்டார் ஓடும் கிணற்றுமேட்டில் சால் எண்ண வேண்டியதில்லை. அண்ணன்மார் கதையை 1965இல் காங்கயம் பக்கத்தில் தங்கியிருந்து ஒலிநாடாவில் பதிவு செய்ய பிரெண்டா பெக் என்னும் ஆய்வாளர் கடல் கடந்து வந்தார். கவலைப் பாட்டு அந்த அளவு நற்பேறு பெறவில்லை. இரவெல்லாம் உடுக்கையடித்துப் பாடும் கதைக்குக் கேட்போர் கூட்டம் உண்டு. விடியற்காலைக் கிணற்றுமேட்டில் எருதுகளைத் தவிர யார் இருந்தார்கள்?

அந்தப் பழைய ஒழுங்கை நினைத்து ஏங்குவதும் நமக்கு உடன்பாடன்று. எந்த வேளையில் எந்தக் கொட்டு முழங்க வேண்டும் என்பதைப் பறை அடித்தவர் முடிவு செய்ததில்லை. கூலி கொடுத்தவர் முடிவு செய்தார். இந்த நோக்கில் நள்ளியின் பாணர்களை மறுபடி படித்தால் வேறொன்று தோன்றுகிறது. வயிறு நிறைந்த பிறகுதான் அவர்கள் மாலையில் மருதம் வாசித்தார்கள். உரைகள் அதை மறதி என்கின்றன. விருப்பம் என்று ஏன் சொல்லக்கூடாது?

கேட்போரின் விருப்பம் என்னும் ஒன்று பொதுவெளியில் மதிப்புப் பெற்றது வானொலிக் காலத்தில்தான். 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் திரையிசையை அகில இந்திய வானொலியிலிருந்து விலக்கி வைக்க முனைந்தார். மக்களின் செவியை அரசே திருத்திவிடலாம் என்ற அந்நம்பிக்கை வேடிக்கையானது. நேயர்கள் முள்ளை நகர்த்தி இலங்கை வானொலிக்குப் போனார்கள். அதன் 'பொங்கும் பூம்புனல்' தமிழ்நாட்டிலும் பல வீடுகளின் காலைப் பொழுதாயிற்று. 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி அரசு வழிக்கு வந்தது. கோவை வானொலி நிலையம் 1966இல் தோன்றியது. அஞ்சலட்டையில் பாட்டின் பெயரை எழுதி அனுப்பி, அது தன் பெயரோடு ஒலிக்கும் நாளுக்காகக் காத்திருப்பது அன்றைய நேயரின் உரிமை. ஆனால் அந்தப் பாட்டு எந்த நேரத்தில் வரும் என்பது அவர் கையில் இல்லை.

அந்த உரிமையையும் தந்தது ஒலிநாடா. நம் பள்ளி நாள்களில் கடைவீதிதோறும் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் இருந்தன. அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறேழு பாட்டுக்கு மேல் கொள்ளாது. ஆகவே கோட்டுத்தாளில் எழுதி, அடித்து, மீண்டும் எழுதி, எது முதலில் எது பின்னால் என்று பெருஞ்சிந்தனை செய்வோம். பட்டியலின் கடைசியில் 'இடமிருந்தால்' என்று குறித்து இரண்டு பாட்டு. இடநெருக்கடிதான் அன்று நம் ரசனைக்கு இலக்கணம் வகுத்தது. ஒரு தாளைப் பார்த்தே அதை எழுதியவர் காதலில் இருக்கிறாரா என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஓடிய தனியார் பேருந்து ஓட்டுநர்கள் இக்கலையில் தேர்ந்தவர்கள். பாட்டுக்காகவே ஒரு பேருந்தை விட்டு அடுத்ததற்குக் காத்திருந்த பயணிகளுள் நாமும் உண்டு. அதிகாலை நடையில் பக்திப் பாடல், கல்லூரி நேரத்தில் புதுப்பாட்டு, இரவுக் கடைசி நடையில் இளையராஜா. பகற்பண், இராப்பண் என்னும் பகுப்பை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் மட்டும் பாட்டுக்கு நெடுநாள் இடமில்லை. தறியின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. கைபேசி வந்த பிறகுதான் அங்கேயும் பாட்டு நுழைந்தது. தறி ஓட்டுபவர் தமக்குப் பிடித்ததை, தாம் வேண்டிய வேளையில், தாமே தெரிந்து கேட்கிறார். ஆனால் ஒரு காதில் மட்டுமே செவிப்பொறியைச் செருகியிருக்கிறார். நூல் அறுந்தால் தறியின் ஓசை மாறும். மற்றக் காது அதற்கு.